பார்க்காத அப்பா

ஒடிலியாவின் அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் ஃபுளோரஸ் தீவில் மழை நின்றுவிட்டது. மக்காச்சோளம் அறுத்தாயிற்று.

போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கனீசியஸ் வாத்தியார், "கண்ணுக்குத் தெரியாத கடவுளை எப்படி நம்புறீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்டாராம். நம் மகள் எழுந்து, "எங்கப்பாவையும்தான் சார் நான் பார்த்ததே இல்ல. மலேசியாத் தோட்டத்திலேருந்து மாசாமாசம் கடுதாசி வருதே!" என்றாளாம்.

பூசை முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "பிள்ளைய நல்லா வளர்த்திருக்கீங்கம்மா" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று வருடமாக அந்தக் கடிதங்களை எழுதுவது நான்தான்.

நேற்று அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை.

"உன் கையெழுத்துன்னு எனக்கு முன்னயே தெரியும்மா. அப்பா இருக்காரா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"இருக்கார்" என்றேன்.

ஏன் எழுதவில்லை, அங்கே யாரோடு இருக்கிறீர்கள் என்றெல்லாம் நான் கேட்க மாட்டேன். ஜூனில் அவளுக்கு முதல் நற்கருணை. கடவுளை நான் பார்க்காமலே நம்பிக்கொள்வேன். ஆனால் அவரே ஒருமுறை உடம்பெடுத்து மனிதர்களிடம் வந்தாரே. நீங்கள் கப்பல் ஏறினால் போதும்.

வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி