பத்து வீட்டுச் சிவப்புக் கோடு

ஏப்ரல் 21, திங்கள்
வெயில். தகரக் கூரை கொதிக்கிறது. வார்டு ஆபீஸிலிருந்து ஒரு மேடமும் இரண்டு பேரும். வெள்ளம் பற்றி நாலு நாள் பயிற்சி முடித்து வந்திருக்கிறார்களாம். போன மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது? எங்கள் கல்லியில், இந்தச் சந்தில், ஒவ்வொரு வீட்டு உள்சுவரிலும் கல்லிக்காரர்களே கோடு போட வேண்டும். மராத்தி எழுதுவேன் என்று என்னைப் பிடித்தார்கள். பச்சைத் தொப்பி, சிவப்பு பெயின்ட், ஃபாரம். ஃபாரத்தில் என் கையெழுத்து.

எங்கள் வீட்டில் அப்பா காட்டியது முழங்கால். அதையே போடச் சொல்லிவிட்டுத் தோல் பட்டறைக்குப் போனார்.

அடுத்தது எதிர் வீடு, ஜெயா வீடு. அவள் அம்மா செல்வி அத்தை என் கையைப் பிடித்து மேலே தூக்கினாள். "முட்டுக்குப் போட்டா எவன்ட்டி திரும்பிப் பாப்பான்? நெஞ்சுக்குப் போடு. நிவாரணமாது வரும்."

அப்புறம் எல்லா வீட்டிலும் அதே பேச்சு. பத்து வீட்டுக்கும் நெஞ்சு.

மேடம் ஷாபாஷ் என்றார். சந்தோஷமாக இருந்தது.

மே 19, திங்கள்
கல்லி முனையில் பட்டியல். ஆபத்தான வீடுகளை இடித்து, பின்னால் ஓடும் நாலாவை, அந்தச் சாக்கடைக் கால்வாயை அகலமாக்கி, கரையில் மரம் வைப்பார்களாம். மழைக்கு முன் காலி. பத்து வீடு. எங்கள் வீடு இல்லை.

மூன்று தடவை படித்தேன். சாப்பிடவில்லை. தலைவலி என்று பொய்.
தொப்பி டிரங்குப் பெட்டி அடியில்.

மே 21, புதன்
டியூஷன் என்று சொல்லிவிட்டுத் தனியாக வார்டு ஆபீஸ். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. கணக்கு பெரிய ஆபீஸுக்குப் போய்விட்டதாம். கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள், திருத்துவது எப்படியென்று அவருக்கே தெரியாதாம். பத்து வீட்டாரும் தப்பாகச் சொன்னோம் என்று எழுதிக் கொடுத்தால் மேலே கேட்டுப் பார்ப்பாராம்.

மே 22, வியாழன்
குழாயடி. "எவனோ எழுதிக் குடுத்திருக்கான். கையில கெடச்சான்னா..." செல்வி அத்தைதான். கோட்டை யாரும் நினைக்கவில்லை. பாதிக் குடத்தோடு வந்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்ல வேண்டும்.

மே 23
சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு மட்டும் முட்டா என்று கேட்பார்கள்.

மே 30
சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு
புழுக்கம். ஜெயா வீட்டுக்கு டெம்போ வந்தது. தற்காலிகமாகத் தங்கக் கொடுத்த ட்ரான்சிட் கட்டடம் ரொம்ப தூரம். இங்கிருந்து ரயில், பிறகு பஸ். ஜெயாவுக்கு அங்கே தமிழ் ஸ்கூல் இல்லை. மெத்தை, கேஸ் அடுப்பு, டிவி. நீலப் பீப்பாய் ஏறவில்லை, எங்களுக்கே விட்டுவிட்டாள் அத்தை.

"உங்க வீடாது தப்பிச்சுதே. அழாத பிள்ள."

ஜெயா டெம்போவில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 16, திங்கள்
காலையிலிருந்து பெருமழை. ஸ்கூல் லீவு. தண்ணீர் உள்ளே வந்தது. முழங்கால்.

பீப்பாயில் அரிசி, என் புத்தகங்கள். நானும் அப்பாவும் வாளியால் அள்ளினோம். ஜெயா வீடு இன்னும் இடிக்கவில்லை, கதவைக் கழற்றிக்கொண்டு போனதால் உள்சுவர் தெரிந்தது. தண்ணீருக்கு ரொம்ப மேலே, காய்ந்தபடி, கோடு.

அப்பா அதைப் பார்த்தார். எங்கள் கோட்டைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"அது நீ போட்டதாட்டி?"

ம் என்றேன். தகரத்தில் மழைச் சத்தம். "நாந்தான்ப்பா" என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.