தோளுக்கு மேலே ஒரு முழம்

மச்சான்,

போன வாரம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன், கவலைப்படாதே. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு நர்ஸ் பெண் எனிமா பையைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்துக் கம்பியில் மாட்டினாள். என் பேத்தி வயசுதான் இருக்கும். அந்த ரப்பர் குழாயின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா தாத்தா சிரிக்கிறீங்க? எல்லாரும் இதப் பாத்தா மூஞ்சியச் சுளிப்பாங்க."

"கொஞ்சம் கீழ எறக்கி மாட்டும்மா. ஒசரம் ஜாஸ்தியா இருக்குது. வயித்த முறுக்கும்."

அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு கொக்கி கீழே இறக்கி மாட்டினாள். "நீங்க டாக்டரா தாத்தா?"

"இல்லம்மா. டேங்க் ஆபரேட்டர்."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. மயக்க மருந்தை யாரோ முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாள். நான் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு உன்னை நினைத்தேன். எனிமா வாங்கிக்கொண்டே சிநேகிதனை நினைத்துக் கண் கலங்கியவன் இந்தத் தென்னாற்காட்டுச் சீமையிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னை வேறு எப்படி நினைப்பது?

எண்பதுகளில் செஞ்சி மேல்நிலைத் தொட்டி என் பொறுப்பில் இருந்தது. காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, தெருத்தெருவாகப் போய் வால்வைத் திறந்துவிடும் வேலை. ஒன்பதாவது பெயிலானவனுக்காகப் பாதி ஊர் குடத்தோடு காத்திருந்தால் தலைக்கனம் வருமா, வராதா? எனக்கு நன்றாகவே வந்தது. நீ திண்டிவனம் சாலைப் புளியமரங்களை வருஷா வருஷம் ஏலத்தில் எடுப்பவன். உலுக்க ஆள் இருந்தும் நீயே ஏறுவாய். "ஏலம் எடுத்தவன் ஏறலன்னா மரம் மதிக்காதுடா" என்பாய்.

அந்த வருஷம் மரம் மதிக்கவில்லை. கிளை முறிந்து, முதுகு அடிபட விழுந்தாய். பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு வீடு திரும்பினாய். இடுப்புக்குக் கீழே உன் உடம்பு உன்னிடம் சொல்லாமலே நடந்துகொள்ள ஆரம்பித்தது. எப்போது வெளிக்கு வரும் என்று உனக்குத் தெரியாது. வந்த பிறகும் தெரியாது. வாசனை வந்தால்தான் தெரியும்.

உன் அத்தாவும் என் நைனாவும் மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். அதனால் உன் பெண்டாட்டி எனக்குத் தங்கச்சி. அவள்தான் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து அழுதாள். "காலையில அரை கிளாஸ் கஞ்சிண்ணே. அத்தோட சரி. தின்னாத்தானே அசிங்கம் பண்ணுவேன்னு சொல்றாரு."

அன்றைக்கே உன்னைப் பார்க்க வந்தேன். கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தாய்.

"இன்னா மச்சான், நோம்பா? ரம்ஜான் போயி எவ்ளோ நாளாச்சு!"

"எனக்கு மட்டும் தனி ரம்ஜான்டா" என்றாய். சிரிக்கவில்லை.

பக்கத்தில் ஹஜ்ரத் உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலில் தொழ வைக்கிறவர், உன்மேல் பிரியமுள்ளவர். "முடியாதவங்களுக்கு மார்க்கத்துல சலுகை இருக்குது பாய். வீட்லயே தொழுங்க. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்று பொறுமையாகச் சொன்னார். நீ தலையாட்டினாய். அவர் போன பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "சலுகை இருக்குது. இல்லன்னு சொல்லல. ஆனா வெள்ளிக்கிழமை எல்லாரும் தோளோட தோள் ஒட்டி வரிசையில நிப்பாங்க பாரு, அந்த வரிசையில நானும் ஒரு தடவ உக்காரணும். என் பக்கத்துல உக்கார்றவன் மூக்கப் பொத்தக் கூடாது. அவ்ளோதான்."

அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாய். ஆஸ்பத்திரியில் காலையில் எனிமா கொடுத்த நாட்களில் எல்லாம் சாயங்காலம் வரை சுத்தமாக இருந்தாயாம்.

"அப்ப அதயே இங்க செய்யலாமே!"

"யாரு செய்யறது? அவ கையால சோறு வாங்கித் திங்கறேன். இதையும் அவ கையிலயே வாங்கணுமா? நானே செஞ்சுக்கற மாதிரி எதுனா இருந்தா சொல்லு. இல்லன்னா எழுந்து போ."

எழுந்துதான் போனேன். ஆனால் தெருமுனை திரும்புவதற்குள் மண்டைக்குள் படம் போட்டுவிட்டேன். மேலே தொட்டி, கீழே குழாய், நடுவில் வால்வு. இது முழுக்க நம்ம டிபார்ட்மெண்ட் ஆயிற்றே!

ஒரு எண்ணெய் டின்னைச் சுத்தம் செய்து, அடியில் சின்னக் குழாய்த் திருகு பற்றவைத்து வாங்கினேன். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் ஒன்றை அதில் மாட்டினேன். உன்மேல் சோதிக்க மனசு வரவில்லை. தொட்டிக்கு அடியில் இருந்த மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு என்மேலேயே சோதித்தேன். தொட்டி எவ்வளவு உயரமோ தண்ணீர் அவ்வளவு நன்றாக ஏறும் என்பது என் படிப்பு. ஆகவே டின்னை ஏணியின் உச்சிப்படியில் கட்டினேன். தண்ணீரும் போர்வெல்லில் இறைத்த பச்சைத் தண்ணீர்.

திருகைத் திறந்தேன் மச்சான். அதற்கப்புறம் நடந்ததை உனக்கு நான் பலமுறை நடித்தே காட்டியிருக்கிறேன். வயிற்றுக்குள் கோட்டைமேட்டுத் தெருவுக்கே தண்ணீர் விட்டது போல இருந்தது. வேட்டியைச் சுருட்டிக்கொண்டு பின்னால் இருந்த வேலிகாத்தான் புதருக்குள் ஓடினேன். அந்த நேரம் பார்த்து, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நாலைந்து பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள்.

"டேங்க்காரரே! இன்னா, இன்னிக்குத் தண்ணி உடறதா இல்லையா?"

"வருது, வருது!" என்று புதருக்குள்ளிருந்து கத்தினேன்.

"எங்கருந்துய்யா பேசற? வெளிய வா!"

"வால்வு ரிப்பேரும்மா! போங்க, வரேன்!"

அதை உன்னிடம் சொன்னபோதுதான், விழுந்ததற்குப் பிறகு முதல்முறையாக நீ சிரித்தாய். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். அடுக்களையிலிருந்து தங்கச்சி பயந்துபோய் ஓடிவந்தாள். "ஒண்ணுமில்ல புள்ள. இவன் வால்வு புடுங்கிக்கிச்சாம்" என்றாய்.

அடுத்த நாள் அரசு ஆஸ்பத்திரி சிஸ்டரம்மாவிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏங்க, குடல் இன்னா ஆறாவது வார்டுத் தெருவா? நீங்க ஓவர் டேங்க் கட்டி உடறதுக்கு? கொடல் கிழிஞ்சா ஆளு போயிடுவான், தெரியுமா?"

திட்டி முடித்த பிறகு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். உட்கார்ந்திருக்கிறவன் தோளுக்கு மேலே ஒரு முழம், அதற்கு மேல் கூடாது. கொதித்து ஆறின தண்ணீர், கை பொறுக்கிற வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதைப் பாண்டிச்சேரி டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மெதுவாக விட வேண்டும். வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும். மட்டம் பார்க்கிற டியூபைத் தூக்கி எறிந்துவிட்டுச் சரியான ரப்பர் குழாயை அவரே வாங்கித் தந்தார். டாக்டரிடம் உன்னை ஒருமுறை வண்டியில் அழைத்துப்போய்க் காட்டியதும் அந்த அம்மா சொல்லித்தான்.

இன்னொரு சிக்கல் இருந்தது. உன் உடம்பு தண்ணீரை உள்ளே நிறுத்தாது. போனது அப்படியே திரும்பி வந்தது. "மெத்துன்னு, கூம்பா, வாயை அடைச்சு நிக்கற மாதிரி எதாவது வேணும்" என்றார் சிஸ்டரம்மா. வீட்டுக்கு வந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என் கைக்குழந்தை என் மடியில் படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தாள். மெத்தென்று, கூம்பாக, வாயை அடைத்து நின்றது பால் புட்டியின் ரப்பர்.

பிடுங்கிவிட்டேன். பிள்ளை வீறிட்டாள். என் பெண்டாட்டி ஓடிவந்தாள்.

"புள்ள வாயில வெக்கறத எங்கய்யா எடுத்துக்கினு போற?"

எங்கே என்று சொன்னேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அண்ணனுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுய்யா. பழசப் போயி குடுப்பியா?" என்றாள். புதுசுதான் வாங்கினேன். குழாயின் நுனியை அதற்குள் விட்டு, இழுத்தாலும் கழலாதபடி கட்டி, சிஸ்டரம்மாவிடம் காட்டினேன். அவரும் தன் பங்குக்கு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

பழைய மர நாற்காலியின் நடுவை அறுத்து, ஓரத்தை இழைத்து, கைப்பிடி வைத்தேன். சுவரில் ஆணி அடித்து முழம் போட்டு டின்னை மாட்டினேன். தொட்டிக்கு வைப்பது போலவே உள்ளே ஒரு மிதப்புக் கட்டை, வெளியே நூலில் ஆடுகிற அடையாளம், தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று திரும்பாமலே பார்த்துக்கொள்ள.

"இதுல மீட்டர் வேறயா? மாசா மாசம் ரீடிங் எடுக்க வருவியா?" என்றாய்.

பெருமையாகத் திருகை இடது பக்கம் வைத்திருந்தேன். நீ பார்த்துவிட்டு ஏற மறுத்துவிட்டாய்.

"இடது கை எதுக்குடா இருக்குது? கழுவற கையால திருகப் புடிச்சு, அதே கையால... மூளை எங்கடா வெச்சுட்டு வந்த?"

நம் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். இரண்டு மதத்திலும் ஒரே சட்டம். அதை மறந்தவன் நான்தான். எல்லாவற்றையும் கழற்றி வலது பக்கம் மாற்றினேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் தண்ணீர் மட்டும் வந்தது. சில நாள் மத்தியானம் வரை ஒன்றுமில்லாமல் இருந்து, வேண்டாத நேரத்தில் வந்தது. நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பாய், நான் வெளியே முட்டிக்கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். "மெதுவா உடு மச்சான்!" "வாய மூடுடா, கூட்டத்த கூட்டாத!" கொஞ்சம் கொஞ்சமாக உன் உடம்பு காலை நேரத்துக்குப் பழகியது. கஞ்சி சோறானது. ஒருநாள் நீ குழம்பில் கறித்துண்டைத் தேடியதைப் பார்த்துவிட்டுத் தங்கச்சி அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. காலையில் நாற்காலி வேலை முடிந்தது. குளித்து, வெள்ளை லுங்கி, வெள்ளைச் சட்டை, கொஞ்சம் அத்தர். மூன்று சக்கர வண்டியை நான்தான் தள்ளினேன். தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது உன் கழுத்து நரம்பு துடிப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஹஜ்ரத்தே வாசலுக்கு வந்தார். இரண்டு பேர் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

நான் எதிரே டீக்கடை ஓரம் நின்றேன். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் என்னுடைய லுங்கி ஒன்று, பழைய துண்டு ஒன்று. டீ சொன்னேன், குடிக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. கடைசியாக உன்னைத் தூக்கி வந்தார்கள். முதலில் உன் லுங்கியைத்தான் பார்த்தேன். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன். லுங்கி வெள்ளையாகவே இருந்தது.

"பையில இன்னாடா?"

"காய்."

"குடு இங்க." வாங்கித் திறந்தாய். என் லுங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். "இனிமே இத எடுத்தாராத" என்றாய்.

சரி என்றேன். அடுத்த வெள்ளியும் எடுத்துக்கொண்டுதான் போனேன். டீக்கடைக்குப் பின்னால், உன் கண்ணில் படாமல் நின்றேன். நீ பார்த்துவிட்டாய் என்றும், பார்க்காதவன் போலப் போனாய் என்றும் எனக்குத் தெரியும்.

அந்த லுங்கி ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை என்று எழுத ஆசைதான். ஒரு வெள்ளிக்கிழமை தேவைப்பட்டது. நல்லவேளை, தொழுகை முடிந்து வெளியே வந்த பிறகு. வண்டியை நீயே டீக்கடைக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாய். கொடுத்தேன். இனி நீ வரமாட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளி, பாங்குக்கு முன்பே அத்தர் போட்டுக்கொண்டு உன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாய். "இன்னாடா லேட்டு?"

அதற்கப்புறம் எத்தனை வெள்ளிக்கிழமைகள்! வண்டியில் உட்கார்ந்தே புளி ஏலம் எடுத்தாய், மரத்தடியில் இருந்தே ஏறுகிறவனைத் திட்டினாய். பால் புட்டியைப் பறிகொடுத்த என் மகளின் கல்யாணப் பந்தியில் திரும்பத் திரும்பக் கத்திரிக்காய் கேட்டுச் சாப்பிட்டாய்.

என் பிள்ளைகளுக்கு நான் பெரிதாக எதுவும் சேர்த்து வைக்கவில்லை, மச்சான். மகன் சென்னைக்கு இண்டர்வியூ போனபோது கேட்டுக்கு வெளியே மாற்றுச்சட்டையோடு நின்றேன். மகள் பிரசவ வார்டில் இருந்தபோது வராந்தாவில் துணிப்பையோடு நின்றேன். "உள்ள வந்து உக்காரு நைனா" என்பார்கள். எனக்கு வெளியே நிற்கத்தான் வரும். தேவைப்படாவிட்டால் சந்தோஷமாகத் திரும்ப எடுத்துப் போவேன். தேவைப்பட்டால், அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நீட்டுவேன்.

உன்னைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும், அடக்கம் செய்கிற கபர்ஸ்தான் வரை வந்தேன். எல்லாரும் உள்ளே போனார்கள். நான் மதில் ஓரம் நின்றேன். கையில் பை இருந்தது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது நானே அறியாமல் எடுத்து வந்திருக்கிறேன். உள்ளே துவைத்து மடித்த லுங்கி இருந்தது. அது என்ன பை என்று யாரும் கேட்கவில்லை. கடைசி ஆள் வெளியே வரும்வரை நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினேன்.