முள்ளங்கியின் மூன்றாவது சீட்டு

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று வழக்கம்போல முதல் வரியிலேயே எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அரபி-தமிழ் அகராதி ஆபீஸில் போன வாரம் என் மேஜைக்கு வந்த சொல் முள்ளங்கி, அரபியில் ஃபுஜ்ல். நீதான் அந்த வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுவாயே. அப்பாவுக்குக் கல்லடைப்பு வந்தபோது தினமும் சாறு பிழிந்து கொடுத்தேன், கல் போனது மாத்திரையாலா சாறாலா என்று கடைசிவரை இரண்டு பேரும் சண்டை போட்டோம், இப்போது சண்டைக்கும் ஆளில்லை. அரபியில் ஒரு வேர்ச்சொல்லுக்குள் பல பொருள் குடியிருக்கும். இந்த வேரில் முதலில் முள்ளங்கி, அடுத்து தளர்ந்து தடித்துப் போவது, மூன்றாவதாகக் கால் இரண்டும் அகன்று நிற்கிற ஆள். இவர்கள் எப்படி ஒரே வீட்டுக்காரர்கள் ஆனார்கள் என்று எனக்கும் பிடிபடவில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு உதாரண வாக்கியம். அது புத்தகத்திலோ பத்திரிகையிலோ கடிதத்திலோ யாராவது நிஜமாக எழுதியதாக இருக்க வேண்டும், நாமே கட்டக் கூடாது. இருபத்திரண்டு வருஷமாக இதை மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் நான். மூன்றாவது சீட்டில் என்ன நினைப்பில் இருந்தேனோ, குளியலறையில் விழுந்த பிறகு அவள் காலை அகட்டி வைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று எழுதி அனுப்பிவிட்டேன். எடிட்டர் சீட்டோடு என் மேஜைக்கே வந்து, இது எதுல வந்ததும்மா, பக்கம் நம்பர் போடலியே என்றார். மேஜைக்குக் கீழே என் காலைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பையனுக்குத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன்.

விழுந்து ஐந்து வாரம் ஆகிறது. எலும்பு முறியவில்லை, இடுப்பில் நல்ல அடி. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொண்டு நல்லாயிருக்கேன் என்கிறேன், உட்கார்ந்திருக்கும்வரை அது பொய்யும் இல்லை. நிறைய நடங்க, ஆனா கூட ஆள் இருக்கறப்ப மட்டும் நடங்க என்கிறார் டாக்டர், நல்ல டாக்டர். ஆபீஸ் வண்டி வாசலுக்கே வருகிறது, அங்கே நாலு பேர் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் வரை என் குரலை நானே கேட்பதில்லை. தண்ணீர் எடுக்க எழுந்திருக்கக்கூட யோசிக்கிறேன். பயமாக இருக்கிறதடா, இந்த வயதில் இதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

எடிட்டர் அந்தச் சீட்டை அடித்து நீக்கவில்லை. கடிதத்துல இருந்தா செல்லும், அவனுக்கு எழுதுங்க, தேதி போட்டுக்கறேன் என்று ஓரத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறார். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். குளியலறையில் விழுந்த பிறகு உன் அம்மா காலை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்.

மூவரும் நோய் நொடி அண்டாமல் நிறைவாக இருங்கள். குட்டிக்குக் காதை மூடித் தொப்பி போட்டு வெளியே அனுப்பு. இதைப் படித்ததும் போன் பண்ணாதே, போனில் கேட்டால் மறுபடியும் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்வேன். கிளம்பி வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா