ஊறாத விதை

மான்டெரி, செவ்வாய்க்கிழமை

அம்மா, முழங்கால் வலி குறைந்ததா? சியா விதையை வழுவழுவென்று ஊறவைத்துத்தானே குடிக்கிறீர்கள்? நான் நலம். சியா போட்ட எலுமிச்சைத் தண்ணீர் விற்கும் என் கடையும் ஓடுகிறது.

போன வாரம் சிரிப்பான ஒன்று நடந்தது. மலச்சிக்கலுக்காகத் தினமும் சியா தண்ணீர் குடிக்கும் ஒப்துலியா அம்மாள் கடையில் டம்ளரை என்னிடமே திருப்பித் தந்தார். "என்னப்பா ஃபெர்மின், விதை வழுவழுன்னு ஊறாம மணலாட்டம் அடியில கெடக்கு. என் வயிறும் அப்படியேதான் கெடக்கு." எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

விதை முற்றாமல் பழுப்பாக இருந்தது. இந்த வருட விளைச்சலே அப்படி என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது: ஊரிலிருந்து நீங்கள் அனுப்பும் விதையை லாரியில் கொண்டுவரும் ரொசெந்தோ, அதை வழியில் விற்றுவிட்டு எனக்குக் கழிவு விதையைத் தந்திருக்கிறார். கேட்டதற்கு, "தண்ணியில போடுறதுதானே, இதுல என்னங்க இருக்கு?" என்றார். ஞானஸ்நானத்தில், உங்களிடம் வளரும் என் மகளைக் கையில் ஏந்தியவர். அந்த உறவில் சண்டை கூடாதே. "சரிங்க" என்றேன்.

இனி விதையைப் பேருந்தில் அனுப்புங்கள். மூட்டை வாயை நீங்களே தையுங்கள். உங்கள் தையலை எனக்குத் தெரியும்.

ஞாயிறன்று ரொசெந்தோ அங்கே வீட்டுக்கு வருவார். சாப்பாடு போடுங்கள், எதுவும் கேட்க வேண்டாம். குழந்தை அவர் கையை முத்தமிட ஓடுவாள். தடுக்காதீர்கள். அவளுக்கு அவர் இன்னும் ஞானத்தகப்பன்தான்.

கடைக்கு ஆள் வந்துவிட்டது.

ஃபெர்மின்