மூடி கழற்றாமல் பார்த்தது

ஜனவரி 6, செவ்வாய்

இன்றைக்கும் இவர் ஸ்டாப்புக்கு வரவில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிட நடை. பாதித் தூரத்துக்கு விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. போன் செய்தால், "அப்படியே நடந்து வந்துடேன், காத்து நல்லாருக்கு" என்கிறார். காற்று வாங்கவா நான் வேலைக்குப் போய் வருகிறேன்?

எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரி லாண்டரியில் நின்ற கால். துவைத்து வரும் விரிப்புகளை வெளிச்ச மேஜையில் விரித்து, கறை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. இவர் நில அளவை ஆபீசில் உட்கார்ந்து வரைபடம் போடுகிறவர், ஐந்தரைக்கு வீட்டில் இருப்பார். முன்பெல்லாம் ஏழு மணிக்கு ஸ்டாப்பில் வண்டியோடு நிற்பார். இரண்டு வருடமாக அது நின்று போயிற்று. ஏன் என்று கேட்டால் சிரிப்பு.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் ஆனால் பெண்டாட்டி தானே வீடு வந்து சேர்ந்துவிடுவாள் என்று கணக்கு போல.

ஜனவரி 9, வெள்ளி

இன்னொரு கண்ணாடி டம்ளர் போயிற்று. கை பட்டதாம். அதற்குமுன் அலமாரிக் கதவில் தோளை இடித்துக்கொண்டு, யார் இதைத் திறந்து வைத்தது என்று என்னிடம் சத்தம். பெரிய ஆள்தான், பார்த்து நடக்கக் கூடாதா?

ஜனவரி 14, புதன்

சனிக்கிழமை குவாரிக்குப் போகிறோமாம். போகிறோமாம்! என்னைக் கேட்டாரா?

ஜனவரி 18, ஞாயிறு

நேற்று நடந்ததைக் காலையில்தான் எழுத முடிகிறது.

மாதா மாதம் நிலா இல்லாத சனிக்கிழமை, எங்கள் வானம் பார்க்கும் குழு பதினாலு பேர் ஒரு வேனில் ஏறி, மலைமேல் கைவிட்ட கல்குவாரிக்குப் போவோம். ஊர் வெளிச்சம் அங்கே எட்டாது. இவர்தான் செயலாளர், இவர்தான் டிரைவர். நான் டீ, பிஸ்கட், வருகைப் பதிவு. டார்ச் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்க வேண்டும். எவராவது போனைத் திறந்து வெள்ளை வெளிச்சம் காட்டினால் இவர் போடும் சத்தத்தில் குவாரியே எதிரொலிக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய தொலைநோக்கியில் முதலில் இவர் பார்ப்பார். என்ன தெரிகிறது என்று சொல்வார். அதன் பிறகுதான் மற்றவர்கள் வரிசையில் வந்து பார்ப்பார்கள்.

ஏழரை மணி இருக்கும். மற்றவர்கள் மருந்துக்கடைக்காரரின் சின்னத் தொலைநோக்கியில் வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் பெரியதைத் திருப்பி, பக்கத்தில் பொருத்தியிருக்கும் குட்டிக் குழாயில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பிடித்து, அங்கிருந்து கைக்கணக்கில் நகர்த்தி, நண்டு நெபுலாவில் நிறுத்தினார். ஒரு காலத்தில் வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின் மிச்சம் அது. கண்ணை வைத்தார். "இன்னைக்கு ரொம்பத் தெளிவு. நூல் நூலாப் பிரிஞ்சு தெரியுது, வந்து பாரு" என்றார்.

பெரிய குழாயின் வாயில் மூடி போட்டிருந்தது.

நான்தான் போட்டேன். காற்று தூசியைக் கிளப்பியதால் மூடிவிட்டு டீ ஊற்றப் போனேன், கழற்ற மறந்துவிட்டேன். நான் போய்ப் பார்த்தால் உள்ளே கிணற்று இருட்டு. தடவிப் பார்த்தால் மூடி. சத்தமில்லாமல் கழற்றினேன். அதற்குள் குழுவில் இருக்கும் பல் டாக்டரம்மா வந்துவிட்டார். ஆகா, நூல் மாதிரியேதான் இருக்கு என்றார்.

எதைப் பார்த்துச் சொன்னார் இவர்?

ஜனவரி 19, திங்கள்

ஜம்பமா? எல்லோருக்கும் முன்னால் பெரிய மனுஷத்தனமா? அப்படியே இருக்கட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் டம்ளர், அலமாரிக் கதவு, பஸ் ஸ்டாப் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கிறது.

சாயங்காலம் இவர் அறையில் இருக்கும்போது ஹால் விளக்கை அணைத்துவிட்டு, வாசல் ஓரமாக நின்றேன். ஜன்னல் வழியாக எதிர்வீட்டு வெளிச்சம் கொஞ்சம் வந்தது. எனக்கு நாற்காலி, மேஜை, காலண்டர் எல்லாம் தெரிந்தது. இவர் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். என்னைத் தாண்டிப் போனார். இரண்டடி. தாண்டிப் போய் நின்றுகொண்டு, "எங்க இருக்கே?" என்று கேட்டார்.



ஜனவரி 20, செவ்வாய்

கேட்டுவிட்டேன். மூடியைப் பற்றிச் சொன்னதும் சொல்லிவிட்டார்.

விழித்திரை நோயாம். முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு ஓரங்கள் சுருங்கிக்கொண்டே வரும். டாக்டர் சொல்லி இரண்டு வருடம் நாலு மாதம். இரண்டு வருடம் நாலு மாதம்! பகல்ல எல்லாம் நல்லாத் தெரியுதே என்கிறார், ஏதோ பரிசு வாங்கி வந்த மாதிரி. மகளுக்கு வருமா என்றேன். வாய்ப்புக் குறைவு, பரிசோதிக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அதையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு போன மாதம் அவளைக் கல்லூரி விடுதிக்கு வண்டியேற்றி அனுப்பினாரே!

வேற யாருக்குத் தெரியும் என்றேன். மருந்துக்கடைக்காரருக்கு என்றார்.

நான் இந்த வீட்டில் யார்?

ஜனவரி 21, புதன்

வேலையில் கவனமே இல்லை. கறையோடு ஆறு விரிப்பை அனுப்பிவிட்டேன், சூப்பர்வைசர் கூப்பிட்டுக் காட்டினாள். இருபது வருடத்தில் முதல் தடவை. அந்த ஆறையும் மறுபடி துவைக்கப் போட்டபோதுதான் சுரீரென்று உறைத்தது.

வேனில் மருந்துக்கடைக்காரர் எப்போதும் முன் சீட். ஓயாத பேச்சு. அதோ வளைவு வருதுய்யா, ஒருத்தன் சைக்கிள்ல போறான் பாரு, இடது பக்கம் கல்லுக் குமிச்சிருக்கான். இந்த மனுஷனுக்கு வாய் வலிக்காதா என்று எத்தனை முறை பல்லைக் கடித்திருக்கிறேன்! அது பேச்சில்லை. அவர்தான் கண். பதினாலு உயிரை வைத்துக்கொண்டு, கும்மிருட்டு மலைப் பாதையில், ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் ஸ்டியரிங் பிடித்திருக்கிறார். இரண்டு வருடம்.

நேரே மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"நான்தான் பக்கத்துலயே இருந்தேனேம்மா" என்றார்.

"அண்ணே, வண்டி உருண்டிருந்தா நீங்க பக்கத்துலயேதான் செத்திருப்பீங்க. கூட நாங்களும்."

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே ஓட்டியிருப்பேன் என்றார். இவர்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாதே என்று அழுதாராம். என்னிடம் ஒரு நாள்கூட அழவில்லையே.

ஜனவரி 22, வியாழன்

வேன் சாவி இப்போது லாண்டரியில் என் லாக்கரில். அடுத்த குவாரி பிப்ரவரி 14. அதற்குள் குழுவில் நீங்களே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை என்று ஆரம்பித்தார். எழுந்து போய்க் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினேன். கழுவ ஒன்றுமில்லை, கழுவின பாத்திரத்தையே கழுவினேன்.

ஜனவரி 29, வியாழன்

ஒரு வாரமாகப் பேச்சில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். தப்புச் செய்தது நான் போல.

பிப்ரவரி 4, புதன்

அன்றைக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. இதில்கூட எழுதவில்லை. இது நான் மட்டும் படிக்கிற நோட்டு, இதிலும் மறைத்தால் எனக்குப் பைத்தியம் என்று அர்த்தம்.

மூடியோடு நான் பார்த்தேன் இல்லையா. உள்ளே இருட்டு. அப்போது நான் சொன்னது: "ஆமா, நூல் நூலாத் தெரியுது."

சொல்லிவிட்டேன்! கண்ணை எடுக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் என்னடா இது இவ்வளவு இருட்டு என்று தடவிப் பார்த்தேன்.

ஏனென்றால் எனக்கு நூல் என்றைக்குமே தெரிந்ததில்லை. கல்யாணமான புதிதில் முதல் தடவை காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்று, தெரியுதா தெரியுதா என்று குழந்தை மாதிரி கேட்டார். ஆமாம் என்றேன். அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது? அன்றிலிருந்து மாதா மாதம் ஆமாம். வளையம் தெரியுதா, ஆமாம். இறக்கை தெரியுதா, ஆமாம். நானூறு விரிப்பில் ஊசி முனைக் கறையைக் கண்டுபிடிக்கிற கண், இவர் பக்கத்தில் நின்றால் மட்டும் பொய் சொல்லும்.

அதனால் என் கோபம் குறைந்துவிட்டதா? இல்லை. பதினாலு பேரை நான் பொய் சொல்லி மலையிறக்கவில்லை. ஆனால் முன்னைப் போல் கத்த வரவில்லை. அது வேறு எரிச்சல்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்றைக்கு அவராகவே வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"இருட்டுல பாக்கறதத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாதே. அவங்க முன்னாடி நான் யாரா நிப்பேன்?"

அந்தக் கேள்வி மனதை என்னவோ செய்தது. செய்தாலும் சொன்னேன்: "என் முன்னாடி யாரா நின்னீங்க, ரெண்டு வருஷமா?"

போய்விட்டார். போகும்போது கதவு நிலையில் இடித்துக்கொண்டார். நான் திட்டவில்லை. அது போதாதா?

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று ராத்திரி இவர் பக்கத்து அறையில் போனில் பேசுவது கேட்டது. பல் டாக்டரம்மாவிடம். வேன் ஓட்ட வருமா மேடம் என்று கேட்டார். காரணம் சொல்லவில்லை. இன்னும் ஒளிவு மறைவுதான். இன்றைக்கு லாக்கரிலிருந்து சாவியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன், டாக்டரம்மாவிடம் மட்டும் கொடுக்கச் சொல்லி.

பிப்ரவரி 15, ஞாயிறு

நேற்று டாக்டரம்மா வேன் ஓட்டினார். கியர் மாற்றும்போதெல்லாம் எங்கள் பல்லைப் பிடுங்குகிற சத்தம். இவர் பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். மருந்துக்கடைக்காரர் முன் சீட்டில் வாயே திறக்கவில்லை.

குவாரியில் இறங்கி எல்லாவற்றையும் பொருத்தினோம். மூடியை நானே கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். இவர் சொல்லவில்லை என்றால் டீ கொடுக்கும்போது நான் சொல்வது என்று முடிவு.

நன்றாக இருட்டியதும் வழக்கம்போல் எல்லோரும் பெரிய தொலைநோக்கியைச் சுற்றி வந்து, இவர் பார்த்துச் சொல்லக் காத்து நின்றார்கள். இவர் கண்ணை வைத்தார். எடுத்தார். திரும்பவும் வைத்தார். மறுபடியும் நூல் என்று சொன்னால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலங்க" என்றார். "இன்னைக்கு மட்டும் இல்ல. ரெண்டு வருஷமா இருட்டுல எனக்குக் கண் தெரியாது. அதோடதான் உங்களையெல்லாம் வண்டியில கூட்டிட்டுப் போனேன்."

பின்னால் ஒருவர், என் பொண்ணை வேறு கூட்டி வந்தேனே என்று முணுமுணுத்தார். சரியான கோபம். இவரும் ஆமாம் என்று அதை வாங்கிக்கொண்டார், சமாதானம் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர் எனக்கும் தெரியும் என்றார், கேட்காமலே. முணுமுணுத்தவர் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இவர் மற்றவர்களிடம், நீங்க பார்த்து எனக்குச் சொல்லுங்க என்றார். யாரும் நகரவில்லை. முன்கூட்டி யாரும் சொல்லாமல் பார்ப்பது எப்படி என்று அவர்களுக்கே தெரியவில்லை போல. நான் போனேன்.

வெகுநேரம் பார்த்தேன். லாண்டரி மேஜையில் விரிப்பைப் பார்ப்பதுபோல், அவசரமில்லாமல், கொஞ்சம் ஓரக் கண்ணால்.

"என்ன தெரியுது?"

"ஒரு அழுக்கு. டீ சிந்தி, துவைச்சும் போகாத கறை மாதிரி சாம்பலா. நூல் ஒண்ணும் இல்ல. எனக்கு என்னைக்குமே தெரிஞ்சதில்ல."

இருட்டில் இவர் முகம் தெரியவில்லை.

"எனக்கும்தான்" என்றார். "நூல் புத்தகத்துல இருந்தது."

இருபத்திரண்டு வருடம்! யாரை அடிப்பது? டாக்டரம்மாதான் முதலில் சிரித்தார். எனக்கும் ஒரு வருஷமா அழுக்குதான் தெரியுது, எனக்குக் கண்ணில் கோளாறு என்று நினைத்தேன் என்றார். அதன்பிறகு ஒவ்வொருவராக வந்து பார்த்து, கண்டபடி சொன்னார்கள். தூசி. ஊதி விட்ட மூச்சு. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று மூன்று பேர். இவர் எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொண்டார்.

புறப்படும்போது இவர் என் பக்கமாகக் கையை நீட்டி, "கல்லு இருக்கு. பிடிச்சுக்கோ" என்றார். பிடித்தேன். வேன் வரை விடவில்லை. ஆறின கோபமில்லை அது. பிடித்த பிடியில் இவருக்கே தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

காலையில் டீ குடிக்கும்போது மணிக்கட்டைக் காட்டினார். என் நாலு விரலும் நீலமாகப் பதிந்திருக்கிறது. ஆபீசில் கேட்டார்களாம். கொஞ்சம் மெதுவாகப் பிடிக்கக் கூடாதா என்றார்.

"முதல்ல எல்லாத்தையும் வாயத் திறந்து சொல்லுங்க. அப்புறம் மெதுவாப் பிடிக்கறேன்."

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார்: "நீ இப்படிப் பக்கத்துல உக்காந்தா, பகல்லயும் எனக்கு நீ தெரியறதில்ல. ஒரு மாசமா. குரல்தான் வருது."

நான் கேட்காமல் அவராகச் சொன்னது இது.

எழுந்து, டீயை எடுத்துக்கொண்டு, மேஜையைச் சுற்றிப் போய் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன்.