நுரை வந்த வாளி

மார்ச் 3

பெரிய பாலத்தில் முதல் பஸ் ஓடியது, ஊரெல்லாம் கண்வலி வந்து பள்ளிக்கூடத்தை ஒரு மாதம் பூட்டிப்போட்டது, எங்கள் மூத்தவள் பிறந்தது: மூன்றும் ஒரே வருஷம். கடல் ஆராய்ச்சி நிலையத்தில் தொட்டி கழுவும் வேலைக்கு நான் சேர்ந்ததும் அந்த வருஷம்தான். சேர்த்துவிட்டவன் என் மச்சான், என் வீட்டுக்காரியின் தம்பி. அவன் எனக்கு முன்பே அங்கே வேலை பார்த்தவன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி எழுதுகிறாள். நோட்டைக் கொடுத்தது நிலையத்து ஆய்வாளரம்மா. "பெட்டிமீனைப் பத்தி ஞாபகம் வர்றதெல்லாம் தேதி போட்டுச் சொல்லுங்க. நூலகத்துல வைக்கப்போறேன்" என்றார். சொல்வதைத்தான் இவள் எழுதுகிறாளா, யார் கண்டது?

"சந்தேகமா இருந்தா நீங்களே எழுதுங்க" என்கிறாள்.

மார்ச் 5

பெட்டிமீன் குட்டியில் பட்டாணி அளவுதான் இருக்கும். மஞ்சள் நிறம், மேலெல்லாம் கறுப்புப் புள்ளி. யாரோ பகடையைத் தண்ணீரில் தவறவிட்டது போல. வளர வளர மஞ்சள் மங்கி நீலம் ஏறும். உடம்பு முழுக்க எலும்புத் தகடு, அறுகோணம் அறுகோணமாக ஒட்டவைத்த பெட்டி. வளையாது, நெளியாது. கண், வாய், துடுப்பு, வால் மட்டும் வெளியே. சின்னத் துடுப்புகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு, தலையில் குடத்தை வைத்தவளைப் போல அலுங்காமல் போகும். எனக்கு அந்த நடை மேல் ஒரு பிரியம்.

மார்ச் 9

இடுப்பளவு தண்ணீர் போதும் அதற்கு. கடல்புல் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒளிந்துகொள்ள நாலு பவளப்பாறை இருக்க வேண்டும். விசில் அடிக்கிற மாதிரி வாயைக் குவித்து மணலை ஊதும். மணல் பறந்ததும் அடியில் இருக்கிற புழுவைப் பொறுக்கும். ஓர் ஆண், அதைச் சுற்றி மூன்று நான்கு பெண்.

"மூணு நாலா? ஒண்ணை வச்சுக் காப்பாத்தவே இங்க மூச்சு வாங்குது" என்றாள். இதையும் எழுதுகிறாள், எழுதிக்கொண்டே சிரிக்கிறாள்.

மார்ச் 10

முதுகுவலி. மீனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

மார்ச் 14

ஆய்வாளரம்மா வந்தார். நிலையத்துப் பழைய பதிவேட்டிலிருந்து ஒரு வரியைப் படித்தார். நான் சேர்ந்த ஆறாம் மாதம் பெரிய தொட்டி மீன் மொத்தமும் செத்தது. காரணம்: சோப்புத் தண்ணீர். தொட்டி கழுவியவர் வேலைநீக்கம்.

"அது என் தம்பிதான். அதுலேருந்து ஊருக்கே அவன் சோப்பு" என்றாள் இவள்.

"உங்க நோட்டுல இதைப் பத்தியும் சொல்லுங்களேன்" என்றார் அந்த அம்மா. நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

மார்ச் 15

சொல்ல ஒன்றும் இல்லை.

மார்ச் 16

இன்றும் இல்லை. "என்னங்க, வாய்ல கொழுக்கட்டையா?" என்கிறாள்.

மார்ச் 19

எழுதுடி. நிறுத்தாமல் எழுது. கேள்வி அப்புறம் கேள்.

தொட்டி மீன் செத்த அன்று காலை, கடல் வற்றிய நேரம். மீன் பிடித்துவருவது என் முறை. கடல்புல்லுக்குள் ஒரு பெரிய பெட்டிமீனைக் கைவலையில் பிடித்தேன். பிடித்ததைத் தனி வாளியில் வைக்க வேண்டும், பயம் தெளியும்வரை காத்திருக்க வேண்டும், மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும், வாளித் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டும். மேற்பார்வையாளர் நூறு தடவை சொன்னதுதான். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். அவசரத்தில் படிக்கட்டெல்லாம் வாளியை இடித்துக்கொண்டே ஓடினேன். வாளியில் வெள்ளையாக நுரை. பார்த்தேன். பார்த்துட்டு அப்படியே தொட்டியில கவுத்தேன்.

அரை மணி நேரத்தில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு மல்லாந்தன. பெட்டிமீனும் தப்பவில்லை. தொட்டி ஓரமெல்லாம் நுரை. அன்று காலை தொட்டியைத் தேய்த்தவன் மச்சான். "சோப்பே போடல சார், வெறும் பிரஷ்தான் சார்"னு அழுதான். யார் நம்பினா?

எனக்கு அப்போது விளங்கவில்லை, அது சத்தியம். இரண்டு மாதம் கழித்து, பெட்டிமீனைப் பிடித்துப் போட்ட இன்னொரு வாளியில் அதே நுரை. பக்கத்தில் சோப்பே இல்லை. பயந்தால் அந்த மீன் தோலிலிருந்து விஷம் விடும், விஷம்தான் நுரைக்கும் என்று அன்று தெரிந்தது. அன்னிக்கே போய்ச் சொல்லியிருக்கலாம் இல்ல? கைக்குழந்தை, வாடகை வீடு, போனால் வேறு வேலை கிடைக்காது. வாயை மூடிக்கிட்டேன். எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன்டி அவன்.

எழுதிட்டியா? எல்லாத்தையும் எழுதிட்டியா?

"எழுதிட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 20

இன்று அவர் சொன்னது எதையும் நான் எழுதவில்லை.

மார்ச் 26

இன்று எழுதுவது என் மச்சான். அக்காக்காரி நோட்டை எடுத்துக்கொண்டு அவனுடைய சைக்கிள் கடைக்கே போய்ப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவன் கடையைச் சாத்திவிட்டு வந்துவிட்டான். அவனுக்கு டீ வந்தது. எனக்கு வரவில்லை. ஆறு நாளாக நானேதான் போட்டுக் குடிக்கிறேன்.

டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தான். அப்புறம், "என் பேரனே என்னைச் சோப்புத் தாத்தான்னு கூப்பிடுறான் மாமா. அவன்கிட்ட நான் என்னன்னு சொல்ல?" என்றான்.

"நாலு அறை விடு, வாங்கிக்கிறேன்."

"விட்டா உங்க எலும்பு தாங்காது. அப்புறம் அக்காகிட்ட யார் வாங்கிக் கட்டிக்கிறது?" நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னான்: "கோவம் இருக்கு மாமா. இல்லன்னு சொல்லமாட்டேன்."

இருக்கட்டும். இருக்க வேண்டும்.

பேனாவை எடுத்தான். பதிவேட்டைத் திருத்த என் பேச்சு மட்டும் போதாது, ஆய்வாளரம்மா சாட்சி கேட்பாராம். "அன்னிக்கு அங்க யார் யார் நின்னாங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. உங்க மூளையில எல்லாம் இருக்கும்."

சொன்னேன். மேற்பார்வையாளர், நெஞ்சுவலியில் போய்ப் பதினெட்டு வருஷம். பம்புக்காரர், மகள் கல்யாணத்துக்கு மறுநாள் போனார். தொட்டிக்குக் கண்ணாடி மாட்டுகிறவர், மஞ்சள் காமாலையில் போனார். கூட்டுகிற அம்மா, போன மழைக்கு.

"அப்ப சாட்சிக்கு ஒருத்தரும் இல்லையா? வேற யாரு நின்னா?"

தொட்டி ஓரத்தில் ஈர பிரஷ்ஷோடு ஒருவன் நின்றான். சோப்பைத் தொடாதவன். உயிரோடு இருக்கிறான். என் மச்சான்.