மின்விசிறி இறக்கையில் ஒரு பெயர்

கூடம் முழுக்கப் பெயின்ட் வாடை. புது மின்விசிறியின் இறக்கைகள் பேப்பர் மேல் கிடக்கின்றன. நீங்கள் போய் ஒரு வருடமாகிறதே, உங்கள் நினைவாக நம் பழைய சபைக்குக் கொடுக்கலாம் என்று மகன் வாங்கி வந்தது. "பேரை எப்படிம்மா எழுதணும்?" என்று கேட்டுக்கொண்டு பெயின்டர் பிரஷ்ஷோடு நிற்கிறார். எனக்கோ உங்கள் அறுப்புப் பண்டிகைப் பிரசங்கம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி. அரியலூர்ப் பக்கத்துச் சின்னச் சபையில் நீங்கள் போதகர். ஒன்றியத் தலைவர் பிரசங்க மேடைக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி மாட்டிக் கொடுத்தார், இறக்கைக்கு இறக்கை தன் பெயரோடு. ஊரையொட்டி இருந்த சுண்ணாம்புக்கல் குவாரியும் அவருடையதே. அங்கே வெடி வைக்கும்போதெல்லாம் பக்கத்துத் தெரு வீடுகள் அதிர்ந்தன. பெண்கள் நம் வாசலுக்கு வந்தார்கள்.

"பாஸ்டரய்யா, புள்ள தூங்குற தொட்டில் மேல ஓடு விழுந்துச்சு. கர்த்தர் காப்பாத்துனாரு. நீங்க அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"ஜெபம் பண்றேம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பண்டிகைக்குத் தலைவர் வருகிறார் என்றதும், சனிக்கிழமை சமையலறையில் பிரசங்கத்தை எனக்குச் சொல்லிக் காட்டினீர்கள். ஆளுகிறவன் ஏழையின் கூப்பாட்டைக் கேட்க வேண்டும். ஜனங்கள் பயத்துக்கும் பிரியாணிக்கும் ஓட்டுப் போடக் கூடாது. நன்றாகத்தான் இருந்தது. வெங்காயம் உரித்தபடியே கேட்டேன்: "ராஜாவுக்குச் சொல்லியாச்சு, ஜனத்துக்குச் சொல்லியாச்சு. பாஸ்டருக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

"அப்ப நீயே வந்து பண்ணு பிரசங்கத்த" என்று எழுந்து போய்விட்டீர்கள். அன்று வைத்த மீன்குழம்பை நான் மட்டும்தான் சாப்பிட்டேன்.

மறுநாள் முன்வரிசையில் தலைவர். அந்த இரண்டு பங்கையும் சொல்லி முடித்தீர்கள். பிறகு மேடையை விட்டு இறங்கி, சுவரோரம் போய் சுவிட்சை அணைத்தீர்கள். கரண்ட் போய்விட்டதோ என்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். சுற்றும்போது தெரியாத பெயர், விசிறி நின்றதும் பளிச்சென்று தெரிந்தது.

"படிச்சீங்களா? இந்தக் காத்துக்காகத்தான் நான் இத்தன நாளா வாயத் தொறக்கல. தொட்டில் மேல ஓடு விழுந்தப்பக்கூடத் தொறக்கல. மொதல்ல மன்னிப்புக் கேக்க வேண்டியவன் நான்தான்."

பயத்தோடு தலைவர் முகத்தைப் பார்த்தேன். பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தலைவர் விருந்துக்கு நிற்கவில்லை. ஆனால் அந்த வாரமே வந்து விரிசல் விட்ட சுவர்களைப் பார்த்தார். தெருவை ஒட்டி வெடி வைப்பது நின்றது. நமக்கும் கிறிஸ்துமஸுக்கு முன்பே மாற்றல் வந்தது. லாரியில் சாமான்களோடு உட்கார்ந்ததும், "காத்து நல்லா வருதுல்ல?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

பெயின்டர் மறுபடியும் கேட்டார். "பேரு வேணாம்ப்பா" என்றேன்.

மகனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்பா பேருதானம்மா? அதுல என்ன?"

"ஒங்கப்பா பேரா இருந்தாலும் வேணாம். அதுக்குக் கீழ நிக்கப்போற பாஸ்டர், நாளைக்கு நம்மளயே கேள்வி கேக்க வேண்டி வந்தா கேக்கணும்ல."